ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் மிதிவண்டிச் சுற்று: எந்தக் கரை, எந்தத் திசை, எத்தனை பாலம்?

ஊர்ப்புறத்து ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றை ஒரே நாளில் மிதிவண்டியில் சுற்றி வரத் திட்டமிடுபவர் வரைபடத்தைத் திறந்ததும் முதலில் பார்ப்பது தொலைவைத்தான். 50 கிலோமீட்டரா, 70 கிலோமீட்டரா, நம்மால் முடியுமா என்ற கேள்வியோடு தொடங்கும் திட்டம் பெரும்பாலும் அதே கேள்வியோடு முடிந்தும் விடுகிறது. ஆனால் பள்ளத்தாக்கில் தொலைவை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஆற்றை எந்த இடத்தில் கடக்கிறோம், ஏற்றம் நாளின் எந்தப் பகுதியில் வருகிறது, பிற்பகல் காற்று முகத்தில் அடிக்கிறதா முதுகில் தள்ளுகிறதா என்பவற்றைப் பொறுத்து, அதே 60 கிலோமீட்டர் நான்கு மணி நேரத்து உலாவாகவும் அமையும், இருட்டிய பின்னும் ஊர் வந்து சேராத அலைச்சலாகவும் ஆகும்.

நம் முன் உள்ள வழிகள் அடிப்படையில் நான்கு. ஒரு கரையில் மேலேறி, பாலம் கடந்து, எதிர்க்கரையில் திரும்புவது முதல் வழி. போகும்போது ஆற்றோரமும் வரும்போது பள்ளத்தாக்கை அணைத்திருக்கும் மலைமுகடுமாகச் சுற்றுவது இரண்டாவது. வெள்ளத்தடுப்புக் கரை, கால்வாய்க் கரை, கைவிடப்பட்ட இருப்புப்பாதை ஆகியவற்றில் ஒன்றைப் பிடித்துப் போய், அதிலேயே திரும்புவது மூன்றாவது. ரயிலில் மேல்முனைக்குச் சென்று ஆற்றோடு இறங்கி வருவது நான்காவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலதரப்பட்ட உடல்வலிமை கொண்டவர்கள் சேர்ந்து போகும் ஒரு நாளுக்கு, நடுவிலும் ஒரு பாலம் உள்ள இருகரைச் சுற்றே ஏற்றது. முகட்டுச் சுற்றில் காட்சி மிகுதி என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அது எல்லாருக்குமான வழியன்று.

இருகரைச் சுற்றிலிருந்து தொடங்கலாம். இரண்டு கரைகளும் ஒரே ஆற்றின் இரண்டு பக்கங்கள்தானே, எதில் போனால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. உண்மையில் இரண்டும் ஒன்றுபோல் அமைவது அரிது. ஆறு வளையும் இடங்களில் வளைவின் வெளிப்பக்கத்து நீரோட்டம் வேகமாகப் பாய்ந்து கரையை அரித்துச் செங்குத்தாக்குகிறது; உட்பக்கத்தில் ஓட்டம் தளர்ந்து மணலும் வண்டலும் படிந்து சமதளம் உருவாகிறது. ஆகவே வெளிவளைவில் சாலைக்கு இடமிருக்காது. அங்கே அது மலைச்சரிவில் ஏறித்தான் தப்ப வேண்டும், அல்லது ஆற்றைவிட்டு விலகி ஒரு குறுக்கு மேட்டைத் தாண்ட வேண்டும். வளைவுகள் மிகுந்த ஆற்றில் இந்த நிலை கரை மாறி மாறி வரும். நேராக ஓடும் ஆற்றில் ஒரு கரை முழுவதும் மென்மையாகவும் மற்றது முழுவதும் கரடாகவும் இருக்கக்கூடும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நீர்க்கோட்டை ஒட்டி நெருக்கமாக வரும் இடங்களைக் குறித்துக்கொண்டால், எந்தக் கரை கால்களைச் சோதிக்கும் என்பது புறப்படும் முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது, பெயரளவில் மட்டும் ஆற்றோரமாக இருக்கும் சாலைகள். பழைய ஊர்களும் அவற்றை இணைக்கும் சாலைகளும் வெள்ளத்துக்கு அஞ்சி, ஆறு முன்னொரு காலத்தில் ஓடி விட்டுச் சென்ற மேட்டுப் படிகளின்மீதே பெரும்பாலும் அமைந்துள்ளன. வரைபடத்தில் நீலக்கோட்டுக்கு இணையாக ஓடும் அந்தச் சாலையில் போகும்போது ஆறு கண்ணில் படுவதே சில இடங்களில்தான். அதைவிட முக்கியமானது, அந்த மேட்டுப் படியை ஒவ்வொரு துணையாறும் ஓடையும் வெட்டிக்கொண்டு முதன்மை ஆற்றில் வந்து சேர்கிறது என்பது. சாலை ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி, சிறு பாலம் ஒன்றைக் கடந்து, மறுபக்கம் மீண்டும் ஏற வேண்டும். தனித்தனியே பார்த்தால் 15 மீட்டர், 20 மீட்டர் உயரம்தான். ஒரு கரையில் பத்து ஓடைகள் வந்தால் அதுவே 200 மீட்டர் ஏற்றமாகச் சேர்ந்துவிடும். தொடக்கமும் முடிவும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால், வரைபடத்தை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

இந்த ஓடைப் பள்ளங்களைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது, ஏனெனில் நாளின் களைப்பில் பெரும்பங்கு இவற்றில்தான் தேங்குகிறது. இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடிக்கும். அடியில் சாலை திரும்பும் இடத்தில், மழைநீர் அடித்துவந்த மணலும் பொடிக்கற்களும் திருப்பத்தின் வெளியோரத்தில் படலமாகக் கிடக்கும். பாலத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் எதிர் ஏற்றத்துக்கு வேண்டிய உந்துதல் போய்விடும். குறைக்காவிட்டால் மணலில் முன்சக்கரம் வழுக்கும். சிறு பாலத்தின் குறுக்கே தளம் இணையும் இடத்தில் விரிசல் இருந்தால், திருப்பத்தில் சாய்ந்த நிலையில் அதைத் தாண்டக் கூடாது. மறுபக்க ஏற்றம் தொடங்கிய பிறகு கியரைக் குறைக்க முயன்றால், சங்கிலி இழுவிசையில் இருப்பதால் பற்சக்கரம் மாறாமல் கடகடக்கும். எனவே பாலத்தின்மீது சமதளமாக உருளும் அந்தச் சில நொடிகளிலேயே எளிய கியருக்கு மாறிவிட வேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம் இதைச் செய்துகொண்டே போனால் பத்தாவது ஏற்றத்திலும் முழங்கால் வலிக்காது.

கரைகளுக்கிடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. பல பள்ளத்தாக்குகளில் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அகலமான கரையைப் பிடித்துக்கொள்கின்றன. எதிர்க்கரையில் ஊரிணைப்புச் சாலை மட்டும் எஞ்சுகிறது. வசதியான கரையில் தண்ணீரும் கடையும் பழுது பார்ப்பவரும் கிடைப்பார்கள், கூடவே கனரக வண்டிகளும் வரும். அமைதியான கரையில் அவை எவையும் இருக்காது. ஆஸ்திரியாவில் டான்யூப் ஆறு மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையே மலைகளைப் பிளந்து ஓடும் வாஹாவ் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் மிதிவண்டிப் பாதை செல்கிறது. வடகரையில் ஊர்களும் போக்குவரத்தும் அடர்ந்திருக்க, தென்கரை ஒதுங்கி அமைதியாக இருக்கிறது. இரு முனைகளிலும் உள்ள பாலங்களைக் கொண்டு சுற்றினால் 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஒரு முழுநாள் சுற்று கிடைத்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. இருகரைச் சுற்று எப்படி அமைய வேண்டும் என்று கற்பனை செய்ய விரும்புபவர் அதன் வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

அந்த வரைபடம் இன்னொன்றையும் காட்டும். இரு முனைப் பாலங்களுக்கிடையே வேறு பாலமே இல்லை; படகுத் துறைகள்தாம் உண்டு. அவற்றுள் சில, மேலே கட்டிய கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு, இயந்திரம் இல்லாமல் நீரோட்டத்தின் விசையிலேயே கரை கடப்பவை. பார்க்க இனிமையான ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் சுற்றின் பாதுகாப்பை முழுவதும் ஒரு படகின்மீது ஏற்றிவைக்கும்போது, அது எந்த மாதங்களில் ஓடுகிறது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, மிதிவண்டியை ஏற்றுவார்களா, வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் முன்னதாக விடை பெற்றிருக்க வேண்டும். எந்த ஆற்றிலும் இதே நிலைதான்.

ஆற்றைக் கடக்கும் இடங்களைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டமாகச் செல்லும் பாதையில், பாதித் தொலைவை எட்டிய நிலையில் திரும்பினாலும் தொடர்ந்தாலும் அதே தொலைவுதான். குறுக்கே வெட்டிச் செல்ல வழியில்லாவிட்டால் சோர்ந்தவருக்கும் வண்டி பழுதானவருக்கும் போக்கிடம் கிடையாது. சுற்றின் நடுவில் ஒரு பாலம் இருந்தால் அதே பாதை எட்டு என்ற இலக்க வடிவில் இரண்டு சிறு சுற்றுகளாகிவிடுகிறது. 60 கிலோமீட்டர் போக முடியாதவர் 30 கிலோமீட்டரில் திரும்பிக்கொள்ளலாம்; கூட்டத்தில் வலிமை மிக்கவர்கள் மேல் சுற்றையும் முடித்துக்கொண்டு வரலாம்; இடியோடு மழை திரண்டால் மொத்தப் பேரும் நடுப்பாலத்தில் திரும்பிவிடலாம். இரண்டு பள்ளத்தாக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், அழகில் சற்றுக் குறைந்ததாயினும் பாலங்கள் மிகுந்த பள்ளத்தாக்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பாலம் என்று வரைபடம் காட்டுவதெல்லாம் நமக்கு உதவும் பாலம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலைப் பாலத்தில் ஓரம் இல்லாமல் இருக்கலாம். அப்போது இறங்கி நடைமேடையில் தள்ளிக்கொண்டு போவதே அறிவுடைமை. இருப்புப்பாதைப் பாலத்தில் நடைபாதை இருந்தாலும் அதில் செல்ல அனுமதி இருக்குமென்று நம்பிவிடக் கூடாது. தரைப்பாலங்கள் தனி வகை. ஆற்றுப் படுகையோடு ஒட்டிக் கட்டப்பட்ட இவை, நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதும் நீரில் மூழ்கக்கூடும், ஏனெனில் மழை பெய்தது மலையின் மேற்பகுதியிலாக இருக்கலாம், அல்லது மேலே அணையில் நீர் திறந்திருக்கலாம். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தால், ஆழம் கணுக்கால் அளவே என்று தோன்றினாலும் வண்டியோடு இறங்கக் கூடாது. ஓடும் நீர் சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளும். பாசி படிந்த தளம் அதற்குத் துணை நிற்கும். சுற்றின் ஒரே கடவு தரைப்பாலமாக இருந்தால் மழைக்காலத்தில் அந்தச் சுற்றைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

இனி காற்று. பள்ளத்தாக்குப் பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஏற்றத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள், காற்றைப் பற்றிக் குறைவாகச் சொல்வார்கள். கால்கள் அனுபவிப்பதோ தலைகீழ். மலைசூழ் பள்ளத்தாக்குகளில், வானம் தெளிந்த வெப்பமான நாட்களில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கினுள் அடைந்துள்ள காற்று, வெளிச் சமவெளியின் காற்றைவிட விரைவாகச் சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியே மேல்நோக்கி வீசுகிறது. முற்பகலின் இறுதியில் தொடங்கும் இது பிற்பகலில் உச்சம் பெற்று மாலையில் அடங்கும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் வழிந்து, ஆற்றோடு கீழ்நோக்கி மெல்ல நகரும். விடிகாலையிலும் அது தொடரும். இத்தாலியில் கார்டா ஏரியின் வடமுனைப் பகுதியில் காலையில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பெலேர் என்றும், நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஓரா என்றும் பெயரே உண்டு. பாய்மரப் படகோட்டிகள் அவற்றை நம்பி நேரம் குறிக்கிறார்கள். எல்லாப் பள்ளத்தாக்குகளும் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரல் என்னும் வலிய காற்று வடக்கிலிருந்து தெற்காக, ஆற்றின் போக்கிலேயே, வீசுகிறது. அகன்ற சமவெளி ஆறுகளில் அந்தப் பருவத்தின் பொதுக்காற்றே ஆற்றின் போக்குக்கு வளைந்து வீசும்.

இதன் விளைவை எண்ணில் பார்த்தால்தான் வியப்பு புரியும். ஓட்டுநரும் வண்டியும் பையும் சேர்ந்து 85 கிலோ என்றும், அவர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து அமர்ந்து நிதானமாக மிதிக்கிறார் என்றும் கொள்வோம். இதற்கு ஏறத்தாழ 70 வாட் திறன் போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால், அதே 70 வாட்டில் அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டராக இறங்கிவிடும். மாலையில் மிஞ்சியிருக்கும் 30 கிலோமீட்டருக்கு ஒரு மணி 40 நிமிடம் போதும் என்று கணக்கிட்டவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆற்றோடு கீழே இறங்குகிறோமே, சரிவு உதவாதா என்றால், கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஆறு அவருக்குத் தரும் உந்துவிசை ஒரு நியூட்டனைக்கூட எட்டாது. அந்தக் காற்று கூடுதலாகத் தடுக்கும் விசை அதைப் போலப் பன்மடங்கு. மெல்லச் சரியும் ஆறுகளில் மேலேறுவதா கீழிறங்குவதா என்ற கேள்விக்கே பொருளில்லை. காற்று எப்போது எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் ஆற்றோடு மேலே போய், மாலையில் கீழே இறங்கி வீடு சேர்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் ஒழுங்கு. பள்ளத்தாக்குக் காற்று உள்ள நாளில் அதுவே மோசமான ஒழுங்கு: களைத்த பிற்பகலில், காற்றின் உச்சத்தில், அதை எதிர்த்து வர நேரும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பள்ளத்தாக்கின் மேல்முனை ஊரில் முந்திய இரவு தங்கி, காலையில் கீழே இறங்கிப் பிற்பகலில் காற்றோடு மேலே திரும்புவது. மற்றொன்று, கீழ்முனையிலிருந்தே புறப்படுவதானால் விடியலிலேயே கிளம்பி, காற்று வலுக்கும் முன் திரும்பு பாதையின் பெரும்பகுதியைக் கடந்துவிடுவது. முதல் தீர்வு கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் உடலுக்கு உகந்தது அதுதான்.

நிழலையும் இதோடு சேர்த்துக் கணக்கிடலாம். வடக்குத் தெற்காக ஓடும் பள்ளத்தாக்கில் காலை வெயிலைக் கிழக்கு மலை மறைப்பதால் கிழக்குக் கரை நெடுநேரம் நிழலில் இருக்கும். பிற்பகலில் மேற்குக் கரை முதலில் நிழலுக்கு வரும். கோடையில் காலையைக் கிழக்குக் கரைக்கும் மாலையை மேற்குக் கரைக்கும் ஒதுக்குவது நன்று. குளிர்காலத்தில் இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். கிழக்கு மேற்காக ஓடும் பள்ளத்தாக்கில் இந்த உத்திக்கு இடமில்லை.

முகட்டுச் சுற்றுக்கு வருவோம். இதன் ஈர்ப்பு வெளிப்படையானது: மேலிருந்து பார்க்கும்போதுதான் ஆற்றின் வளைவுகளும், வெள்ளச் சமவெளியின் வயல்களும், எதிர்ச்சரிவின் ஊர்களும் ஒரே காட்சியாகச் சேர்கின்றன, ஆற்றோரச் சாலையில் இருப்பவருக்கு அடுத்த திருப்பம்வரைதான் பார்வை செல்லும். குளிர்ந்த காலைகளில் கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி மூடுபனி படர்ந்திருக்கையில் முகடு வெயிலில் நனைந்திருப்பதும் உண்டு. ஆனால் அதற்கான விலையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மேற்சொன்ன அதே 85 கிலோவை 300 மீட்டர் உயர்த்த 250 கிலோஜூல் வேலை தேவை. 100 வாட் அளவில் இடைவிடாமல் மிதிப்பவருக்கு அது 40 நிமிடத்துக்கு மேல். 5 விழுக்காடு ஏற்றத்தில் அவர் மணிக்கு 7 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவார்; 10 விழுக்காடு ஏற்றத்தில் வேகம் 4 கிலோமீட்டராகிவிடும். அந்த வேகத்தில் மிதிவண்டியை நேராக நிறுத்துவதே பாடு. மிகக் குறைந்த கியர் இல்லாத வண்டியில் இறங்கித் தள்ளுவதுதான் நடக்கும். மின்னுந்துதவி உள்ள வண்டி இந்தக் கணக்கை மாற்றிவிடும் என்பது உண்மை; ஆனால் மின்கலம் மிக வேகமாகக் கரைவதும் ஏற்றத்தில்தான், எனவே ஏற்றத்தைச் சுற்றின் எந்தப் பகுதியில் வைப்பது என்ற கேள்வி அவருக்கும் பொருந்தும்.

அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்லப்படுவது வழக்கம். காலையிலேயே முகட்டுக்கு ஏறிவிட்டு, பிற்பகலில் ஆற்றோரமாகத் தளர்வாகத் திரும்பலாம் என்பது ஒன்று. வெயிலுக்கு முன் ஏற்றம் முடிந்துவிடும் என்பது இதன் நன்மை. ஆற்றோடு கீழிறங்கும் அந்தத் தளர்வான பகுதியில்தான் எதிர்காற்று காத்திருக்கும் என்பது குறை. மற்றது, காலைக் குளிர்ச்சியில் ஆற்றோரமாக மேலே சென்று, மேல்முனையிலிருந்து முகட்டைப் பிடித்துத் திரும்புவது. ஊற்றுமுகத்தை நெருங்க நெருங்கப் பள்ளத்தாக்கின் ஆழம் பொதுவாகக் குறைந்துகொண்டே போவதால், அங்கிருந்து முகட்டுக்கு ஏற வேண்டிய உயரம் குறைவு. மீதி உயரத்தை நாம் அறியாமலே ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தந்திருக்கும். பிறகு முகட்டின் வழியே பெரும்பாலும் இறங்குமுகமாக வந்து, கடைசியில் ஒரே இறக்கத்தில் தொடங்கிய இடத்தை அடையலாம். கோடையின் உச்சத்தைத் தவிர்த்த மற்றெல்லாப் பருவத்துக்கும் இரண்டாவது ஒழுங்கையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முகட்டில் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறைவு. கிணறும் ஊற்றும் ஊரும் தாழ்விடத்தைத் தேடி அமைந்தவை. வெயிலில் ஒரு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை தேவைப்படும் என்று கொண்டு, ஏறும் முன்பே குப்பிகளை நிரப்பிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அந்தக் கடைசி இறக்கம். களைத்த கைகளோடு, சாய்ந்த வெயில் கண்ணில் விழும் நேரத்தில், அறியாத சாலையில் செங்குத்தாக இறங்குவது இந்தச் சுற்றின் மிக அபாயமான பகுதி. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை பிரேக்கில் விளிம்பு சூடேறும். விட்டு விட்டு அழுத்தி வர வேண்டும், நடுவில் ஓரிடத்தில் நின்று ஆறவிடவும் வேண்டும். முகட்டிலிருந்து இறங்க இரண்டு சாலைகள் இருந்தால், நீளமானாலும் சாய்வு குறைந்ததில் இறங்குங்கள்.

வெள்ளத்தடுப்புக் கரை, கால்வாய்க் கரை, பழைய இருப்புப்பாதை ஆகிய மூன்றையும் ஒரே வகையாகச் சேர்த்தேன். மூன்றிலும் சமதளம் என்பது பொது. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் இருப்புப்பாதைகள் பெரும்பாலும் 2 விழுக்காட்டை ஒட்டிய ஏற்றத்துக்குள் அமைக்கப்பட்டன. துணையாறுகளை அவை உயரமான பாலங்களிலும் மேட்டுக்கரைகளிலும் கடந்துவிடுகின்றன. சாலையில் நாம் பட்ட ஓடைப் பள்ளத் தொல்லை இங்கு இல்லவே இல்லை. அமெரிக்காவில் யாக்ககேனி ஆற்றை ஒட்டிப் பல பத்துக் கிலோமீட்டர் செல்லும் கிரேட் அலகேனி பாதை இப்படிப் பழைய இருப்புப்பாதைத் தடத்தில் அமைந்ததுதான். அப்பலேசிய மலைத்தொடரைக் கடக்கும் அந்த 240 கிலோமீட்டர் பாதையின் மிகக் கடினமான பகுதியிலும் ஏற்றம் 2 விழுக்காட்டைத் தொடுவதில்லை. சிறுவர்களோடு போவதானால் இந்த வகைப் பாதைக்கு ஈடில்லை.

இவற்றின் குறை, சுற்றாக அமைவதில்லை என்பது. போன தடத்திலேயே திரும்ப வேண்டும். அது பெரிய குறை என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. திரும்பும் நேரம் முழுக்க நம் கையில் இருக்கிறது, வழி தெரியும், தண்ணீர் கிடைத்த இடம் தெரியும். வெள்ளத்தடுப்புக் கரையில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை: அங்கு மரமும் நிழலும் இராது, காற்றுக்கு மறைவும் இல்லை. வெள்ளம் வடிந்த பின் கரையின் தாழ்வான இடங்களில் படிந்திருக்கும் வண்டல், காய்ந்திருந்தால் புழுதி. நனைந்திருந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுழலவிடாது. சாலை வண்டியின் மெல்லிய டயர் இங்கு உதவாது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் வேண்டும்.

ரயிலில் மேலே சென்று ஆற்றோடு இறங்கும் நான்காவது வழி, சுற்று அல்ல என்பதைத் தவிர, பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் ஒரே நாளில் பார்க்கத் தருகிறது. ரயிலில் மிதிவண்டியை ஏற்றலாமா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பிற்பகல் எதிர்காற்று இங்கும் உண்டு என்பதால் முதல் ரயிலையே பிடிக்க வேண்டும். வேறு சிக்கல் இதில் இல்லை.

கடைசியாகத் திசை. இருகரைச் சுற்றை வலஞ்சுழியாகப் போவதா இடஞ்சுழியாகப் போவதா என்பதைப் பெரும்பாலோர் நாணயம் சுண்டுவதுபோல் முடிவு செய்கிறார்கள். சாலையின் இடப்பக்கம் செல்லும் நாடுகளில் இடஞ்சுழியே சிறந்தது. அப்போது திருப்பங்களில் பெரும்பாலானவை இடப்பக்கத் திருப்பங்களாக இருக்கும், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. ஆறும் எப்போதும் இடக்கைப் பக்கமே, சாலையின் நம் ஓரத்திலேயே, ஓடும். நின்று பார்க்கவும் இறங்கிக் கால் நனைக்கவும் சாலையைக் கடக்கத் தேவையில்லை. வலப்பக்கம் செல்லும் நாடுகளில் இதே காரணங்களால் வலஞ்சுழி சிறந்தது. காற்றோ நிழலோ இதற்கு எதிராகச் சொன்னால், அமைதியான சாலைகளில் அவற்றின் சொல்லைக் கேட்கலாம்; வண்டிகள் மிகுந்த சாலையானால் திருப்பங்களின் பாதுகாப்புக்கே முதலிடம்.

ஆகவே பலதரப்பட்டவர்கள் சேர்ந்த குழுவுக்கு நடுப்பாலம் உள்ள இருகரைச் சுற்று, சிறுவரோடு செல்பவர்களுக்குப் பழைய இருப்புப்பாதை, ஏற்றத்தில் பழகிய ஓரிருவர் மட்டும் போவதானால் முகடு என்று தேர்ந்துகொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும், நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குப் 10 கிலோமீட்டர் என்றே கணக்கிட்டு, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கி எண்ணி வகுத்துக்கொள்ள வேண்டும். 60 கிலோமீட்டர் சுற்றுக்கு, மாலை 6 மணிக்கு இருட்டும் பருவத்தில், காலை 10 மணிக்குக் கிளம்புவதே கடைசி வாய்ப்பு. பள்ளத்தாக்குக் காற்று வீசும் நாளானால் அதையும் காலை 6 மணிக்கு முன்னால் தள்ளிவையுங்கள். நடுப்பாலத்தை எத்தனை மணிக்குள் அடையாவிட்டால் அங்கிருந்தே திரும்புவது என்பதையும், யாரும் களைக்காத முந்திய மாலையிலேயே எல்லாருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.